சாவி யார் கையில்?



உங்கள் வங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் அநேகர் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு கிளையின் பெயரைச் சொல்லுவோம். உண்மையில் நமது வங்கி இன்று நமது சட்டைப்பையில் இருக்கிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் மணியார்டர் அனுப்பத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள், இன்று தாராவித் தொண்ணூறு அடிச் சாலையில் நடந்துகொண்டே ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஆதார் அட்டையின் நகல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், வாடகை ஒப்பந்தத்தின் படம், பெற்றோரின் மருந்துச் சீட்டு ஆகிய எல்லாம் அந்தச் சிறு கருவிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்திற்கு இரும்புப் பெட்டி இல்லை. கைபேசிதான் அதன் இரும்புப் பெட்டி.

ஆகையால் இம்மாதம் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். இந்தப் பெட்டியை எவ்வளவு இறுகப் பூட்ட வேண்டும்? பூட்டின் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? வீட்டில் ஒரு கணினி இருந்தால் அதற்கும் அதே பூட்டைப் போட வேண்டுமா?

நாடே கேட்ட கேள்வி

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை கைபேசி தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் ஓர் ஆணை அனுப்பியது. இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய கைபேசியிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலி 90 நாட்களுக்குள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் அது கூறியது. கடைகளுக்கு ஏற்கெனவே சென்றுவிட்ட கைபேசிகளிலும் மென்பொருள் புதுப்பித்தலின் வழியாக அதைச் சேர்க்க முயலவேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

அந்தச் செயலி பிரயோஜனமற்றது அல்ல. 2025 ஜனவரியில் வெளியான அது, தொலைந்துபோன கைபேசியை அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்க உதவுகிறது. நம் பெயரில் நாம் அறியாமல் எத்தனை சிம் கார்டுகள் வாங்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கலாம். மோசடி அழைப்புகளைப் பற்றிப் புகார் செய்யலாம். லோக்கல் ரயிலின் நெரிசலில் கைபேசியைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனாலும் அந்த ஆணை வெளியே தெரிந்தவுடன் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நீக்க முடியாத ஒரு செயலியை அரசு என் கைபேசியில் வைத்தால் அது நாளைக்கு வேறு எதைச் செய்யும் என்று மக்கள் கேட்டார்கள். டிசம்பர் 2ஆம் தேதி, விரும்பாதவர்கள் அதை நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா கூறினார். மறுநாளாகிய டிசம்பர் 3ஆம் தேதி, முன்கூட்டியே நிறுவும் கட்டாயத்தை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. செயலி இன்றும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் தாங்களே நிறுவிக்கொள்ளலாம்.

கவனியுங்கள். மக்கள் பூட்டை மறுக்கவில்லை. தங்களைக் கேளாமல் போடப்பட்டு, தங்களால் கழற்ற முடியாமல் இருக்கும் பூட்டையே மறுத்தார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்லுவோம்.

கணினி ஒரு விதம், கைபேசி வேறு விதம்

கிராண்ட் ரோடு அருகேயுள்ள லாமிங்டன் சாலையில் உதிரி பாகங்களை வாங்கிக் கணினியைக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தக் கணினியில் எந்த மென்பொருளைப் போடலாம் என்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணினி அப்படித்தான் வளர்ந்தது. அதன் சொந்தக்காரர் எதையும் நிறுவலாம், எதையும் அழிக்கலாம், உள்ளே இருப்பதையே மாற்றிவிடலாம்.

இந்தச் சுதந்திரத்திற்கு ஒரு விலை உண்டு. கணினியில் நாம் திறக்கும் நிரல் பெரும்பாலும் நமது அதிகாரத்தோடேயே இயங்குகிறது. நாம் படிக்கக்கூடிய கோப்பை அதுவும் படிக்கும். நாம் அழிக்கக்கூடியதை அதுவும் அழிக்கும். 2017 ஜூன் 27ஆம் தேதி 'நாட்பெட்யா' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. உக்ரைன் நாட்டில் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் வழக்கமான புதுப்பித்தலைப் போல வேடமிட்டு அது உள்ளே நுழைந்தது. பின்பு ஒரே வலைப்பின்னலில் இருந்த கணினிகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. மெர்ஸ்க் என்னும் டென்மார்க் கப்பல் நிறுவனம் அதில் பெரிதும் அடிபட்டது. நமக்கு அருகேயுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்திய கொள்கலன் முனையமும் பாதிக்கப்பட்டது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீண்டும் புதிதாய் அமைக்கவேண்டியதாயிற்று என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் கூறினார். எங்கோ ஒரு கணக்கு மென்பொருளின் வழியாய் நுழைந்தது நவி மும்பைத் துறைமுகம்வரை வந்துவிட்டது!

கைபேசி வேறுவிதமாய்க் கட்டப்பட்டது. 2008 ஜூலை 10ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் தனது 'ஆப் ஸ்டோர்' கடையை 500 செயலிகளோடு திறந்தது. அந்தக் கடையின் வாசலைத் தாண்டாத செயலி ஐபோனுக்குள் வரக்கூடாது என்பது அதன் விதி. கூகுளின் ஆண்ட்ராய்டு சற்றுத் தாராளமானது. பிளே ஸ்டோர் தவிர வேறு இடத்திலிருந்தும் அதில் செயலியை நிறுவ வழியுண்டு. ஆயினும் அதற்கு நாம் ஓர் அமைப்பைத் திறந்துவிட வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து அறையிலுள்ளதைப் பார்க்க அதற்கு உரிமையில்லை. புகைப்படமோ, தொடர்பு எண்களோ, குறுஞ்செய்தியோ வேண்டுமானால் நம்மிடம் அனுமதி கேட்கவேண்டும்.

கணினி சொந்த வீட்டைப் போன்றது. கைபேசி காவலாளி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் போன்றது. காவலாளியால் பாதுகாப்பு உண்டு. ஆனால் உங்கள் உறவினரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று அவர்தான் தீர்மானிப்பார்.

அனுமதி கேளாமல் வளர்ந்த தமிழ்

"காவலாளி இருந்தால் போதாதா, சுதந்திரம் நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குத் தமிழின் கதையையே பதிலாகச் சொல்லலாம்.

பெரிய கணினி நிறுவனங்கள் தமிழைப் பொருட்படுத்தாத காலத்திலேயே, 1985இல், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். கணினி திறந்த வீடாக இருந்தபடியால் எந்த நிறுவனத்தின் அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவரைப்போலப் பலர் தங்கள் சொந்த முயற்சியால் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் செய்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் 'தமிழ் 99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டபோது, பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருந்தது. வெளியூரில் வாழும் தமிழர் இணையத்தில் தாய்மொழியில் எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

இதையே ஐபோனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியார் செய்த விசைப்பலகையை ஐபோனின் எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த ஆப்பிள் நிறுவனம் இடங்கொடுத்தது 2014ஆம் ஆண்டில்தான். அதுவரை திறமையுள்ளவர்கள் ஆயத்தமாய் இருந்தும் வாசல் திறக்கவில்லை. சிறு மொழியினருக்கும் சிறு தேவையுள்ளவர்களுக்கும் திறந்த வாசல் எவ்வளவு அவசியம் என்பதை இதினால் அறிகிறோம்.

திருடன் நுழையும் வழி

மறுபுறத்தையும் பார்ப்போம். திறந்த வாசலைத் திருடனும் அறிவான்.

போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கே.ஒய்.சி. படிவம், திருமண அழைப்பிதழ் என்று பலவித வேடங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. அதன் பெயரின் முடிவில் 'ஏ.பி.கே.' என்றிருக்கும். அது படமும் அல்ல, கடிதமும் அல்ல. ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. அதை அனுப்பியது நமக்குத் தெரிந்தவரின் எண்ணாகவே இருக்கலாம். அவருடைய கைபேசியும் முன்னமே பிடிபட்டிருக்கும். சபைக் குழுவிலும் உறவினர் குழுவிலும் இது பரவுவது இப்படித்தான். நாம் அதைத் திறந்து, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்தோமானால், அது குறுஞ்செய்திகளைப் படிக்கத் தொடங்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நம் கண்ணில் படுமுன் திருடன் கையில் போய்ச் சேரும்.

இன்னொரு அனுமதியையும் அறிந்துகொள்ளுங்கள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டவும், விரல்களை அசைக்க இயலாதவர்களுக்காகப் பொத்தான்களை அழுத்தவும் 'அணுகல்தன்மை' என்னும் வசதி கைபேசியில் உண்டு. பார்வையற்ற ஒரு சகோதரர் பிறர் உதவியின்றித் தன் கைபேசியைப் பயன்படுத்துவது இதினாலேயே. ஆனால் திரையை வாசிக்கவும் பொத்தானை அழுத்தவும் தெரிந்த அந்த வசதி திருடன் கையில் அகப்பட்டால், நமது வங்கிச் செயலியையே அவன் இயக்கிவிடுவான். இதற்காக அந்த வாசலை முற்றிலும் அடைத்துவிட்டால் பார்வையற்றவர் வெளியே நிற்பார். பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் இடையிலுள்ள நெருக்கடியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்த மோசடிகளைத் தடுக்க, 2024 அக்டோபரில் கூகுள் ஒரு சோதனை முயற்சியை இந்தியாவில் அறிவித்தது. உலாவியின் வழியாகவோ வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியாகவோ வரும் செயலி, குறுஞ்செய்தி, அறிவிப்புகள், அணுகல்தன்மை ஆகிய ஆபத்தான அனுமதிகளைக் கேட்குமானால் அதை நிறுவவிடாமல் தானாகவே தடுப்பது அந்த முயற்சி. இது நல்ல காவல்தான்.

ஆனால் காவலாளி நிற்கும் வாசலின் வழியாகவே வந்த திருடரும் உண்டு. 2021 நவம்பரில் வெளியான ரிசர்வ் வங்கிப் பணிக்குழுவின் அறிக்கை, இந்தியரின் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. ஐயாயிரம், பத்தாயிரம் என்று கடன் கொடுத்து, தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, உறவினர்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பி மிரட்டிய செயலிகள் உண்டு. அவற்றுள் அநேகம் பிளே ஸ்டோரிலேயே இருந்தன. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்டு வரை 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியது என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே கடையில் இருக்கிறது என்பதினாலேயே ஒரு செயலியை நம்பிவிடக்கூடாது.

காவலாளியின் எஜமான் யார்?

காவலாளியே கடைக்காரராகவும் இருந்தால் என்ன ஆகும்? இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் தேதி கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டில் தனக்குள்ள பலத்தைத் தன் சொந்தச் செயலிகளுக்கு ஆதாயமாக அது பயன்படுத்தியது என்பது தீர்ப்பு. முன்கூட்டியே நிறுவப்பட்டவற்றை நீக்கும் உரிமை வேண்டும், வெளியிலிருந்து செயலி நிறுவுவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பவையும் அதன் கட்டளைகளில் இருந்தன. 2023 மார்ச் 29ஆம் தேதி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் மேற்சொன்ன இரண்டு உள்பட நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. கற்றறிந்த நீதிமன்றங்களே எங்கே கோடு போடுவது என்பதில் ஒருமனப்படவில்லை என்பதைக் காண்கிறோம்.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு திட்டத்தை அறிவித்தது. கடைக்கு வெளியே செயலி கொடுக்கிறவர்களும் தங்கள் அடையாளத்தை முதலில் பதிவு செய்யவேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிப்பதாகத் திட்டம். பெயரை மறைத்து வரும் திருடனுக்கு இது தடை. அதேவேளையில், தன் ஊருக்காகச் சிறு செயலி ஒன்றைச் செய்து இலவசமாய்க் கொடுக்கும் மாணவனும் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தில் பேர் பதியவேண்டியவனாகிறான். ஐரோப்பிய ஒன்றியமோ எதிர்த்திசையில் சென்று, 2024 மார்ச் முதல் ஐபோனிலும் வேறு செயலிக் கடைகளுக்கு இடங்கொடுக்கும்படி சட்டத்தினால் கட்டாயப்படுத்தியிருக்கிறது.

சில வேளைகளில் சுதந்திரமே பாதுகாப்பாகவும் அமையும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் முடிந்தன. ஆயினும் பழைய கணினியை எறிந்துவிட வேண்டியதில்லை. இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவிப் பாதுகாப்பாய்ப் பயன்படுத்தலாம். வீட்டுக்காரரிடம் சாவி இருப்பதினால் இது கூடும். கைபேசிக்குப் புதுப்பித்தல் நின்றுபோனாலோ, பெரும்பாலான மாதிரிகளில் உள்ளே வேறொன்றைப் போட இடமில்லை. செகண்ட் ஹாண்டில் கைபேசி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் விசாரியாமல், பாதுகாப்புப் புதுப்பித்தல் இன்னும் வருகிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

நம் வீட்டில் போடும் பூட்டு

அரசையும் நிறுவனத்தையும் பற்றிப் பேசுவது எளிது. நமது வீட்டிற்குள் என்ன நடக்கிறது? தாயின் கைபேசியில் அவருக்குத் தெரியாமல் கட்டுப்பாடு வைக்கும் மகன் உண்டு. மனைவி எங்கே போகிறாள் என்று இரகசியமாய்ப் பின்தொடரும் செயலியை அவள் கைபேசியில் வைக்கும் கணவன் உண்டு. கேட்டால், "பாதுகாப்புக்காக" என்பார்கள். நாடு மறுத்த ஆணையையே வீட்டில் பிறப்பிக்கிறார்கள்.

எந்தப் பூட்டுக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கருவியின் சொந்தக்காரருக்குத் தெரிந்து அது போடப்பட்டதா? ஏன் என்று அவருக்கு விளக்கப்பட்டதா? அவர் வேண்டாமென்றால் கழற்ற முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அது காவல். வராவிட்டால் அது சிறை. சிறு பிள்ளைகளுக்கு மூன்றாவது கேள்வி பொருந்தாது. ஆனால் அவர்களுக்கும் முதல் இரண்டு பொருந்தும். ஒளித்து வைத்துக் கண்காணிக்கப்படும் பிள்ளை ஒளித்து வைக்கவே கற்றுக்கொள்ளும்.

ஆகையால் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. வங்கி இருக்கும் கைபேசியை இறுக்கமாகவே வையுங்கள். அறியப்படாத செயலிகளை நிறுவும் அமைப்பு மூடியிருக்கட்டும். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பை யார் அனுப்பினாலும் திறவாதிருங்கள். அனுப்பியவரை நேரில் அழைத்துக் கேளுங்கள்.

2. மாதத்திற்கு ஒருமுறை, குறுஞ்செய்தி, தொடர்பு எண்கள், அணுகல்தன்மை ஆகிய மூன்று அனுமதிகளும் எந்தெந்தச் செயலிக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் உறவினரின் எண்கள் எதற்கு?

3. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

4. கணினியைப் பிள்ளைகளுக்குத் தாராளமாய்த் திறந்து வையுங்கள். அவர்கள் நிரல் எழுதட்டும், லினக்ஸ் போட்டுப் பார்க்கட்டும், கெடுத்துவிட்டுத் திரும்பவும் சரிசெய்யட்டும். தாராவியிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளை கைபேசியைத் தேய்க்க மட்டும் தெரிந்தவனாய் இருந்தால் போதாது. ஆனால் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதிருங்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத வேறொரு கணக்கை உண்டாக்குங்கள். முக்கியமான கோப்புகளின் பிரதி, கழற்றி வைக்கக்கூடிய தனி வட்டில் இருக்கட்டும்.

5. முதியோருக்குப் பூட்டுப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எதை ஏன் மூடுகிறோம் என்று சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள். திறக்கும் விதத்தையும் கற்பியுங்கள்.

6. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பட்டணத்தில் பிழைக்க வந்த நாம் ஒவ்வொரு ரூபாயையும் பாடுபட்டுச் சேர்க்கிறோம். ஆகவே நமக்குப் பூட்டு வேண்டும். யாரும் நமக்காக இடம் ஒதுக்கி வைக்காத நகரத்தில் நமது பிள்ளைகள் தாங்களாகவே முயன்று கற்று முன்னேற வேண்டும். ஆகவே நமக்குத் திறந்த வாசலும் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியில் தேடி அல்லற்படாமல், கைபேசியைக் காவலுக்கும் கணினியைக் கல்விக்கும் என்று பகுத்து வையுங்கள். இன்று மாலை உங்கள் கைபேசியை எடுத்து, அதிலுள்ள அனுமதிகளின் பட்டியலை வீட்டாரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.